கயிற்றை எட்டடி தள்ளிக் கட்டியிருக்கலாம்

நான் வேலையை விட்டு வந்த அன்று நீங்கள் மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தீர்கள். தப்பில்லை. எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்பதால் எழுதுவதும் சிரமம்தான். ஆனால் எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சிறை வார்டர் வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுவது இது.

வயது முடியும் முன்பே நான் ஏன் வந்துவிட்டேன் என்று சிலர் கேட்டீர்கள். நெஞ்சு சரியில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார். பழக்கமே இல்லை என்றேன். "பொய் சொல்லாதப்பா. இது பீடிக்காரன் நெஞ்சு" என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் பீடிப் பேச்சை விட்டுவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

என் நெஞ்சைப் பற்றி எழுத வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றவன். எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். உள்ளே இருந்த ஒருவனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிளைச் சிறையில் இருந்தேன். ஆண்களுக்கு ஒரே கொட்டடி. பத்துப் பேருக்குக் கட்டியது. இருபது பேருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. உயரத்தில் ஒரு ஜன்னல், முன்பக்கம் ஒரு கம்பிக் கதவு. அதற்கு எதிரே சின்ன முற்றம். கதவிலிருந்து எட்டடியில் ஒரு கல்தூண். மணி அடிக்கிற தண்டவாளத் துண்டு அதில் தொங்கும்.

உள்ளே தீப்பெட்டி கொடுக்கக் கூடாது. யாராவது பாயைக் கொளுத்திவிடுவான் என்ற பயம். ஆனால் பீடி இல்லாமல் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்கு எங்களுக்கு முந்தியவர்கள் ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். பெட்டிக்கடை வாசலில் நெருப்புக் கயிறு தொங்குமே, அதேபோல ஒரு தேங்காய் நார்க் கயிறு. மாலையில் ஆள் எண்ணிப் பூட்டியதும், வார்டர் அதன் நுனியைப் பற்றவைத்துக் கதவுக் கம்பியில் உள்பக்கமாகக் கட்டிவிடுவார். காலை வரை அது கனன்றுகொண்டே இருக்கும். வேண்டியவன் எழுந்து வந்து பீடியைப் பற்றவைத்துக்கொள்வான். சட்டத்தில் இந்தக் கயிறு கிடையாது. ஆனால் கயிறு கட்டிய கொட்டடியில் சண்டை இல்லை, கூச்சல் இல்லை. என் பணி நேரத்தில் ஒரு சத்தமும் இருக்காது என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை எனக்கு அந்தக் கயிறுதான் வாங்கிக் கொடுத்தது.

ஐப்பசி மாதத் தொடக்கத்தில் வெள்ளையன் வந்தான். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமம். நாற்பது வயது இருக்கும். சந்தனக்கட்டை வெட்டியதாக வழக்கு. கட்டை கிடந்த இடத்தில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்களாம். புளி மூட்டையோடு வந்த இவன், நாம்தான் ஒன்றும் செய்யவில்லையே என்று நின்றிருக்கிறான். நின்றவனைப் பிடித்துவிட்டார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் உண்மை சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. இவன் சொன்னதை நம்பினேன்.

கொட்டடிக்கு அப்போது பெரியவன் மாணிக்கம். பழைய திருடன். எங்களைவிட அதிக நாள் அந்தக் கட்டடத்தில் இருந்தவன். புதிதாக வந்தவனுக்கு ஒரு பீடியை நீட்டினான்.

"பழக்கம் இல்லீங்க" என்றான் வெள்ளையன்.

"பீடி ஆவாதா? அப்புறம் இன்னாத்துக்குய்யா ஜெயிலுக்கு வந்த?" என்றான் மாணிக்கம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் முற்றத்தில் முகம் கழுவும்போது வெள்ளையன் என்னிடம் வந்தான். இருமி முடிக்கும் வரை தலையைக் குனிந்து நின்றான்.

"ஐயா, ராத்திரில மூச்சு அடைக்குதுங்க. சின்னதுல இளைப்பு இருந்துது. பெரியவனானதும் போயே போச்சு. இப்ப திரும்பி வந்துடுச்சிங்க."

"மலைக்காரனுக்குப் புகை புதுசா? வூட்டுல பொழுதன்னைக்கும் அடுப்பு எரியுமே" என்றேன்.

"வூட்டுல பொகைஞ்சா எழுந்து வெளிய போய்டலாங்க. இங்க எங்க போறது?"

 பதில் இல்லாதபோது நான் சாவிக்கொத்தைச் சரிபார்ப்பேன். அன்றும் அதைத்தான் செய்தேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மூலையில் படுத்திருந்தவனைக் கதவு ஓரம் மாற்றிப் படுக்க வைத்தேன். காற்று வரும் என்று நினைத்தேன். கயிறும் அங்கேதான் தொங்கியது. பற்றவைக்க வந்தவர்கள் எல்லோரும் அவன் தலைமாட்டில் நின்று முதல் புகையை விட்டார்கள். மறுநாள் அவனே மூலைக்குப் போய்விட்டான். கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் சிவப்பு மருந்து கொடுத்தார். "பீடியைக் குறைக்கச் சொல்லு" என்றார். குடிப்பதில்லை என்று வெள்ளையன் சொன்னான். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் கம்பவுண்டர்.

திங்கள்கிழமை தோறும் சூப்பிரண்டு வருவார். கதவுக்கு முன் நின்று, "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார். கைதிகளைப் பார்த்துக் கேட்பார், ஆனால் பதில் சொல்வது வார்டர். "இல்லைங்கய்யா" என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். அந்தத் திங்கள்கிழமையும் சொன்னேன். வெள்ளையன் மூலையிலிருந்து என்னைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். மழை நாளில் கதவைத் திறந்து விடுவதில்லை, பகல் முழுவதும் பூட்டுத்தான். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலுக்குச் சாக்குக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். கதவுக்கும் பாதி உயரத்துக்குச் சாக்குத் தொங்கவிட்டேன். குளிரில் நடுங்குகிறவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கயிற்றைப் பகலிலும் பற்றவைத்துக் கொடுத்தேன். வேலை இல்லாமல் அடைந்து கிடக்கிற இருபத்திரண்டு பேர், மழை, குளிர். எவ்வளவு பீடி பிடித்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

என்னோடு பணியில் இருந்தவர் ஜோசப். அடிவாரத்துக் கிராமத்துக்காரர். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஊர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய் வருவார். அதை எழுதி வைப்பதில்லை. எனக்கு வேண்டும்போது அவர் இப்படி விட்டுக்கொடுப்பார். அன்று வழியில் இருக்கும் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை.

பன்னிரண்டரை இருக்கும். உள்ளே தட்டுகளை அடித்தார்கள்.

"வார்டரே! மலைக்காரன் கண்ணு சொருவுது! தொற!" என்றான் மாணிக்கம்.

தனியாக இருக்கும் வார்டர் கொட்டடிக் கதவைத் திறக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே கதவில் ஒருவன் வலிப்பு வந்ததுபோல விழுந்து நடித்தான். திறந்ததும் இன்னொருவன் சுவர் ஏறி ஓடிவிட்டான். அன்று பணியில் இருந்த வார்டருக்கு வேலை போனது.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். உள்ளே முகங்களே தெரியவில்லை, அவ்வளவு புகை. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "கம்பிகிட்டக் கொண்டாங்க" என்றேன். நாலு பேர் தூக்கி வந்தார்கள். வெள்ளையனின் உதடு நாவல் பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். காற்று உள்ளே போகவில்லை.

நடிப்பில் உதட்டை நீலமாக்க முடியாது. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கை சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மாணிக்கம், நான் தனியா இருக்கேன்" என்றேன். அதை ஏன் அவனிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"தெரியும் வார்டரே. ஜோசப்பு பூசைக்குப் போயிருக்காரு. காலைலேர்ந்தே தெரியும். ஓட்ற மாதிரி இருந்தா உன்னாண்ட கேட்டுக்கினா ஓடுவேன்? தொற."

திறந்தேன். மாணிக்கம் மற்றவர்களைப் பார்த்து, "எவனாவது அசைஞ்சா அவனுக்கு இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். வெள்ளையனை நான் வராந்தாவுக்கு இழுத்து வந்து சுவரில் சாய்த்தேன். மீண்டும் பூட்டினேன். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. மழைக் காற்றுதான். அரை மணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. சாக்குக்கு மேலிருந்து புகை மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்ததை அப்போதுதான் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

ஜோசப் தொப்பலாக நனைந்து வந்தார். வராந்தாவில் கைதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா பண்ண? தனியாவா தொறந்த?"

"வேற வழி இல்ல."

"புக்குல எழுதிடாத. எழுதினா ரெண்டாவது வார்டர் எங்கன்னு கேப்பாங்க. உன் வேலயும் போவும், என் வேலயும் போவும்."

அவருக்கு மூன்று பெண்கள். எனக்கு நான்கு பிள்ளைகள். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வெள்ளையனை மறுநாளே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். மூச்சுத் திணறி விழுந்தவனை அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. திங்கள்கிழமை சூப்பிரண்டு வந்து கேட்டார். "இல்லைங்கய்யா" என்றேன்.

திறந்ததை என் நல்ல காரியமாக நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நெருக்கடி கதவைத் திறந்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தவறினேன். நம் வேலையில் அந்த நிமிடத்தைவிட, அதற்கு அடுத்த இரண்டு நாட்கள்தான் ஆபத்து. செய்ததை மறைக்க வேண்டும், ஆளையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் புத்தி கோணலாக வேலை செய்யும்.

புதன்கிழமை வெள்ளையனுக்கு வாய்தா. செவ்வாய்க்கிழமை அவன் தட்டுக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கோயேன்" என்றேன்.

"நான் வெட்டலீங்களே."

"தெரியும். மறுத்தா வாய்தா மேல வாய்தா போட்டுக்கினே இருப்பாங்க. எத்தினி மாசம் இங்கயே கெடக்கணுமோ. ஒத்துக்கிட்டா தண்டனை கொடுத்துப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. அங்க மரம் இருக்குது, காத்து இருக்குது, ஆஸ்பத்திரி உள்ளயே இருக்குது."

அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"வூட்லேர்ந்து யாரும் வரலீங்க. மறந்துட்டாங்க போல."

"மழைடா. ரோடு எப்படி இருக்குதோ."

"பெரிய ஜெயில்ல மூச்சு விடலாமுங்களா?"

"விடலாம்."

பெரிய ஜெயிலை நான் பார்த்தது பயிற்சிக்குப் போனபோது, பகலில், வெளிப்புற மைதானத்தில். பூட்டிய பிறகு உள்ளே எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. பார்க்காததைச் சத்தியம் போலச் சொன்னேன்.

புதன்கிழமை அவன் ஒத்துக்கொண்டான். ஆறு மாதம். கோர்ட்டிலிருந்து அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து அவன் கும்பிட்டதாக, உடன் போன காவலர் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் மனைவி வந்தாள். கூட அவர்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர். இருவர் காலிலும் முழங்கால் வரை சேறு. கவுண்டர் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் நிலத்துப் பட்டா. வெள்ளையனுக்கு ஜாமீன் நிற்க வந்திருந்தார்.

"ரோடு ஒடஞ்சி போச்சுங்க. ஜீப்பு வரல. மூணு நாளு பாத்துட்டு நேத்து நடக்க ஆரம்பிச்சோம்" என்றாள் அவள். "அவரக் கொஞ்சம் கூப்டுங்க, பாத்துட்டுக் கோர்ட்டுக்குப் போறோம்."

"நேத்தே தண்டனை ஆயிடுச்சும்மா."

"எப்பிடிங்க? அவரு வெட்டலியே."

"அவரே ஒத்துக்கிட்டாரு."

"இன்னாத்துக்குங்க?"

ஜோசப் என்னைப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன். கவுண்டர் பட்டாவை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். மழைத் தண்ணீர் படாமல் மூன்று முறை சுற்றினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கைதியை ஒப்படைக்கப் பெரிய ஜெயிலுக்குப் போனேன். சாயங்காலம், ஆள் எண்ணிப் பூட்டுகிற நேரம். தெரிந்த வார்டர் ஒருவரிடம் கேட்டு, வெள்ளையன் இருக்கும் கொட்டடிக்குப் போனேன். நீளமான கொட்டடி. அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். ஜன்னல்கள் பெரிதாகத்தான் இருந்தன. இந்தக் கோடியில் ஒரு கயிறு, அந்தக் கோடியில் ஒரு கயிறு கனன்றுகொண்டிருந்தது.

வெள்ளையன் கம்பிக்கு வந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை.

"எப்பிடிடா இருக்குது?" என்றேன்.

"நீங்க சொன்னது மெய்தாங்க ஐயா. ஜன்னலு பெருசு." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஜன்னலாண்ட எடம்தான் கெடைக்கல."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த அடுத்த திங்கள்கிழமை, சூப்பிரண்டு "குறை உண்டா?" என்று கேட்டார்.  "ஒண்ணு இருக்குதுங்கய்யா" என்றேன். கயிற்றைக் கதவிலிருந்து எடுத்து முற்றத்துத் தூணில் கட்டிவிடலாம், திறந்திருக்கும் நேரத்தில் அங்கே பிடித்துக்கொள்ளட்டும், பூட்டிய பிறகு உள்ளே நெருப்பு வேண்டாம் என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. கலாட்டா வரும், கையெழுத்து வேண்டும், மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன்.

"அதுக்கென்ன, கட்டிக்கோ" என்றார். கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கத்தான் எனக்கு அத்தனை மாதம் பிடித்தது.

கலாட்டா வந்தது. இரண்டு நாள் தட்டு அடித்தார்கள். ஒரு வேளை சாப்பிடவில்லை. "இன்னா வார்டரே, பீடிக்குக் கூடவா பூட்டு போடுவ?" என்று மாணிக்கம் கத்தினான். நான் பதில் பேசாமல் நின்றேன். பேசத் தெரியாதவனுக்கு அது ஒரு வசதி. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது, வழக்கமாக எல்லோரும் ஒன்றாக இருமுவார்களே, அது இல்லை. எங்களுக்கே ஏதோ குறைந்ததுபோல இருந்தது. மாணிக்கம் தூணுக்கு வந்து பீடியைப் பற்றவைத்தான். கதவையும் தூணையும் கண்ணால் அளந்தான்.

"எட்டடி இருக்குமா வார்டரே?"

"இருக்கும்."

"இத்த அப்பவே பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்து, மீதியைப் புகையோடு விழுங்கிவிட்டான்.

புதிதாக வந்திருப்பவர்களே, கருணை இல்லாமல் நான் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவன்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அதனால்தான் இடம் மாற்றினேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், கதவைத் திறந்தேன், யோசனை சொன்னேன். ஆளை நகர்த்த எவ்வளவோ செய்தேன். கயிற்றை நகர்த்தத் தோன்றவில்லை. அது எனக்கு முன்பே அங்கே தொங்கியதால், கம்பியைப்போல அதுவும் கட்டடத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டேன். நீங்கள் போகிற இடத்திலும் இப்படி ஏதாவது தொங்கும். யாராவது மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், முதலில் அதைப் பாருங்கள். "குறை உண்டா?" என்று கேட்டால், பயமாக இருந்தாலும் வாயைத் திறந்துவிடுங்கள்.

சித்திரையில் வெள்ளையன் விடுதலையாகி ஊருக்குப் போகிற வழியில் எங்கள் கேட்டில் வந்து நின்றான். மலைக்குப் போகிற பஸ் எதிரே புளியமரத்தடியில்தான் நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தான். தூணில் கயிறு தொங்கியது.

"அங்க எப்பங்க கட்னீங்க?"

"தை மாசம்."

"நல்லதுங்க" என்றான்.  கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

வந்த புதிதில் ஒருநாள் முற்றத்தில் அவன் ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தான். பஸ் இறங்கி இரண்டு மணி நேரம் ஏற்றமாம். "புளி மூட்டையோட ஒரே மூச்சுல ஏறிடுவேங்க" என்றிருந்தான்.

எங்கள் கேட்டிலிருந்து அந்தப் புளியமரம் நூறடிகூட இருக்காது. சமதரை. கையில் ஒரு துணிப்பை மட்டும்தான். அவன் மூன்று இடத்தில் நின்றான்.